பெட்டிக்கு வந்த குளவி

பவுலின் அக்காவின் தேனை நக்காத ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிடையாது. அவரைத் திட்டாத ஆளும் கிடையாது. கைப்பிள்ளைக்கு இருமல் என்றால் கரண்டியோடு அவர் வாசலில் போய் நிற்பார்கள். மலையில் யாரையாவது குளவி கொட்டினால் அதே வாசலைப் பார்த்துக் காறித் துப்புவார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுத்த காம்பராவில் இருந்துகொண்டு இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மீதே வெறுப்பு வந்துவிட்டது. நான் விஜிதரன். ஓட்டோ ஓட்டுகிறேன். தேனீ என்றாலே எனக்குக் கைகால் உதறும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை வீரன் என்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் டிவிஷன் ராகலையிலிருந்து கீழே இறங்கும் பக்கம் இருக்கிறது. ராகலையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறுகிறவர்கள் எங்கள் சந்தியில் இறங்கும்போது அதைக் கழற்றித் தோளில் போட்டிருப்பார்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பின்னேரம் மழை கொட்டும். கொடியில் போட்ட துணி காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இந்தப் புழுக்கத்தில் மனிதன் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதே பெரிய காரியம். அக்கா லயத்துக்குப் பின்னால், கோப்பி மரத்தடியில், மூன்று பெட்டிகளில் தேனீ வைத்திருந்தார். மூடிக்கு அடியில் குச்சி செருகிக் காற்று விடுவார். அடையில் புழு விழுந்திருக்கிறதா என்று வாரம் தவறாமல் திறந்து பார்ப்பார். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் கால்களை டின்களில் நிறுத்தி, என் ஓட்டோவில் மாற்றிய பழைய ஒயிலை அவற்றில் ஊற்றி வைப்பார். தேனீக்கள் மெழுகு வைத்து மூடாத அறையில் கை வைக்கவே மாட்டார். மூடாத தேனில் ஈரம் இருக்கும், போத்தலுக்குள் நுரைத்துப் புளித்துவிடும் என்பார்.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கொழுந்து பறிக்கிறவர். புருஷன் றோலண்ட் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், நத்தார் பண்டிகைக்கு வருவார். மகள் ஜெரோமிக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. கந்தப்பளையில் மாதா கோயில் மண்டபத்தில் யாரோ நடத்திய பயிற்சிக்குப் போனபோது அக்காவுக்கு முதல் பெட்டி கிடைத்தது. அதிலிருந்து கூட்டம் பிரிந்து பறந்தபோது மரக்கிளையிலிருந்து அவரே வழித்தெடுத்து மற்ற இரண்டு பெட்டிகளிலும் குடிவைத்தார். இவ்வளவு பேச்சுக் கேட்டும் இதை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"இந்தத் தோட்டத்துல எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம், விஜி. இருக்கிற காம்பரா, பறிக்கிற தேயில, வாசல்ல நிக்கிற கொய்யா மரங்கூட. இதுக மட்டுந்தான் என்னோடது" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவரை அதிகமாகத் திட்டியவர் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி அக்கா. திட்டுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. போன வருடம் அவருடைய புருஷன் இராமையா அண்ணன் ஏழாம் நம்பர் மலையின் ஓடைக்கரையில் புல்லு வெட்டப் போய், தெரியாமல் குளவிக்கூட்டில் கத்தியைப் போட்டுவிட்டார். தூக்கிவந்து என் ஓட்டோவில் ஏற்றினார்கள். நாகலெட்சுமி அக்கா அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வெரசாப் போ தம்பி, இன்னும் வெரசாப் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ராகலைக்கு ஏறும் வளைவில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அவரைக் கொன்றது பெட்டித் தேனீ இல்லை. வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய குளவி. அது எல்லோருக்கும் தெரியும், நாகலெட்சுமி அக்காவுக்கும் தெரியும். அவர் சொன்னது வேறு.

"உன் பொட்டியில இருக்கிற ஈயத் திங்கத்தான் குளவி வருது. பொட்டி வந்த பெறகுதான் எங்க மலைக்குக் குளவி வந்துச்சு. எம் புருசனும் போனாரு" என்பார். பீலியில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொல்வார்.

பவுலின் அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "இல்லக்கா. குளவி ஆத்துக்கு அந்தப் பக்கம் காட்டுல இருக்கு. பொட்டி இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும். அண்ணன் போனதுக்கும் பொட்டிக்கும் சம்பந்தம் இல்ல." குரலை உயர்த்தாமல், தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார். எனக்கு அவர் சொன்னதே சரியாகப் பட்டது.

இந்த வருடம் வெயில் தொடங்கியதும் குளவிகள் பெட்டி வாசலுக்கே வந்துவிட்டன. முன்பு எப்போதாவது ஒன்றிரண்டு வரும். இப்போது எந்நேரமும் நான்கைந்து அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. தேன் எடுத்துத் திரும்பும் தேனீயைப் பறக்கும்போதே பிடித்து, பக்கத்துக் கிளையில் தொங்கிக்கொண்டு தலையைக் கடித்துப் போட்டுவிட்டு, மீதி உடம்பை உருட்டி எடுத்துக்கொண்டு போகும். தேனீக்கள் வெளியே போகப் பயந்து வாசலில் அப்பிக்கொள்ளும். குளவி கிட்ட வரும்போதெல்லாம் அத்தனையும் ஒன்றாக உடம்பைச் சிலுப்பும். அக்கா வேலை விட்டு வந்ததும் ஜெரோமி விட்டுப்போன பழைய பெட்மின்டன் மட்டையோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அடித்து விழுத்தியதைச் செருப்புக் காலால் தேய்ப்பார். பொழுது சாய்ந்து குளவிகள் போன பிறகுதான் அடுப்புப் பக்கம் போவார்.

அந்த வாரம் மலைக்குப் போகும் பாதையில் இரண்டு பெண்களைக் குளவி கொட்டியது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கூடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் கோபமெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பெட்டிகளின் பக்கம் திரும்பியது. வெள்ளிக்கிழமை கோயிலடியில் கூடினார்கள். எங்கள் டிவிஷனில் இப்போது பெண் கங்காணிதான், சண்முகவடிவு என்று பெயர். அவர் எழுந்து, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டைக் கெடுவாக வைத்து, முடிவாகச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம பெரட்டுல நீ பதில் சொல்லணும், பவுலின். உன் பொட்டிக்கும் குளவிக்கும் சம்பந்தம் இல்லைன்னு காட்டு. இல்லைன்னா பொட்டிய எடுத்துரு. நீ எடுக்கலைன்னா நாங்க எடுப்போம்."

அவர்கள் எடுப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சாக்கை மண்ணெண்ணெயில் நனைத்துப் பெட்டி மேல் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். அக்கா சரி என்று தலையை ஆட்டினார். அவருடைய கை முந்தானையைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த சேலையைக்கூட மாற்றாமல், ஒரு கிண்ணத்தில் கோதுமை மாவோடு பின்பக்கம் வந்தார்.

"என்னக்கா, வெளிய வச்சு ரொட்டி சுடப் போறீங்களா?"

"குளவிக்கு மாப் பூசப் போறேன். நீ கீழ ரோட்டு வளைவுல போய் நில்லு. வெள்ளையா ஒண்ணு பறந்து போகும். அது ஆத்தத் தாண்டிக் காட்டுக்குப் போறத உங் கண்ணால பாரு. நாளைக்குப் பெரட்டுல நீதான் சாட்சி."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. தேனீயைக் கடித்துக்கொண்டிருக்கும் குளவிக்கு வேறு நினைப்பு இருக்காது. அந்த நேரம் பார்த்து மாவைத் தூவிவிட்டால் பச்சைத் தேயிலைக்கு மேலே அது வெள்ளையாகத் தெரிந்துகொண்டே போகும். அந்த வெயிலில் மழைக்கோட்டை மாட்டி, தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நான் வளைவில் போய் நின்றேன். இடப்பக்கம் ஆறும் அதைத் தாண்டிக் காடும். வலப்பக்கம் ஏழாம் நம்பர் மலை. கோட்டுக்குள் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன்.

முதல் குளவி என் தலைக்கு மேலே வந்து வலப்பக்கம் திரும்பியது. வழி தவறிய குளவி என்று நினைத்தேன். இரண்டாவதும் வலப்பக்கம் போனது. மூன்றாவதும் அப்படியே போனது. மேலே ஓடினேன்.

"அக்கா, ஆத்துப் பக்கம் ஒண்ணுகூடப் போகல."

"சரியாப் பாத்தியா?"

"ஏழாம் நம்பருக்குத்தான் போகுது."

அவர் நம்பவில்லை. கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு அவரே வளைவுக்குப் போனார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றதில் என் ஆயுளில் பாதி போய்விட்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு மாவை வீசினேன். குளவிக்குப் பட்டதைவிட என் முகத்துக்குப் பட்டதுதான் அதிகம், ஆனாலும் ஒன்றிரண்டு வெள்ளையாகப் பறந்து போயின. அக்கா திரும்பி வந்தார். வேறொரு நாளாக இருந்தால் என் கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"வா, போய்ப் பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஏழாம் நம்பர் மலையில் ஓடைப் பக்கத்து நிரைகளில் கொடி மண்டிக் கிடந்தது. அக்கா முன்னால் போனார், ஓர் அடி வைப்பதும் நின்று கேட்பதுமாக. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் கையை நீட்டி என்னை மறித்தார். ஒரு தேயிலைச் செடிக்குள், கொடிக்கு அடியில், மண்பானை அளவில் சாம்பல் நிறக் கூடு. முதுகில் மாவோடு ஒரு குளவி எங்களைத் தாண்டிப் போய் அதன் ஓட்டைக்குள் நுழைந்தது. கொழுந்துக்குக் கை நீட்டுகிற பெண்ணின் இடுப்பு உயரத்தில் இருந்தது அந்தக் கூடு. இராமையா அண்ணன் விழுந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

மூச்சு விடாமல் பின்னால் நகர்ந்தோம். ரோட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு ஏழாம் நம்பர்லதான் கொழுந்து" என்றார்.

"அப்ப இன்னைக்கே எரிச்சிருவோம். ஓட்டோவுல பெட்ரோல் இருக்கு. யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். பேசியது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். நான் சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"இந்த மழையில எரியாது. பாதி எரிஞ்சா மீதிக் குளவி வெறி புடிச்சுத் திரியும். அப்படியே எரிஞ்சாலும், இங்க திங்கக் கெடைக்கிற வரைக்கும் அடுத்த கூடு வைக்கும்."

"சரி, வெறகுக்குப் போனப்போ கூட்டப் பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. மலைய மாத்திருவாங்க. குளவி எங்க வந்து திங்குதுன்னு யாரு கேக்கப் போறா?"

அக்கா கல்லிலிருந்து எழுந்தார். மழையில் நனைந்துகொண்டே நடந்தார். மழை விட்ட பிறகு பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், அன்றைக்கு மட்டை இல்லாமல். குடத்தோடு பீலிக்குப் போன நாகலெட்சுமி அக்கா அவரைப் பார்த்து நின்றார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற? அதே பாட்டத்தான் பாடுவியா?"

பவுலின் அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான பதில் வராததில் நாகலெட்சுமி அக்காவுக்கே என்னவோ போலாகிவிட்டது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். உண்மையை முழுதாகச் சொன்னால் பெட்டிகள் போய்விடும். அதோடு, நாகலெட்சுமி அக்கா ஒரு வருடமாகச் சொன்னதுதான் சரி என்றும் ஆகிவிடும். அக்கா என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

திங்கள் காலை சவாரியைத் தள்ளிவைத்துவிட்டு நானும் பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு ஆள் எடுத்து மலை பிரிக்கும் இடம் அது. கூடையும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியுமாகப் பெண்கள் நின்றார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்ததும் வராததுமாக, "எல்லாரும் ஏழாம் நம்பர்" என்றார்.

பவுலின் அக்கா முன்னால் வந்தார். "ஏழாம் நம்பருக்குப் போக வேணாம் ஐயா. ஓடைப் பக்கம் செடிக்குள்ள குளவி கூடு வச்சிருக்கு."

"யாரு பாத்தது?"

"நாந்தான். நேத்து வெறகுக்குப் போனப்போ."

எனக்கு மூச்சு வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சண்முகவடிவு லேசில் விடுகிற ஆள் இல்லை.

"ஞாயித்துக்கெழம, பூசைக்குப் போன சேலையோட வெறகுக்குப் போனியா? வெள்ளிக்கெழம நான் கெடு வச்சேன், திங்கக்கெழம கூட்டோட வந்து நிக்கிற. பொட்டியக் காப்பாத்தக் கத கட்டாத. ஐயா, அங்க கொழுந்து முத்திக் கெடக்கு. இவ பேச்சக் கேட்டு மலைய மாத்த ஏலாது."

"நானும் பாத்தேன்" என்றேன்.

"உனக்கு ஒரு போத்தல் தேன் குடுத்திருப்பா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். கண்டாக்கு கையை ஆட்டினார். கூடைக் கயிறுகள் தலைக்கு ஏறின. முன்வரிசை நடக்கத் தொடங்கிவிட்டது. முதலில் போனவர் நாகலெட்சுமி அக்கா. ஏழாம் நம்பரில் அவருக்கு எப்போதும் ஓடைப் பக்கத்து நிரைதான்.

பவுலின் அக்கா ஓடிப்போய்ப் பாதைக்குக் குறுக்கே நின்றார்.

"நான் வெறகுக்குப் போகல. அது பொய். என் பொட்டிக்கு வந்த குளவிக்கு மாப் பூசிவிட்டு, அது போற பக்கமே போய்ப் பாத்தேன். எல்லாம் ஏழாம் நம்பர்ல இருக்கிற கூட்டுக்குத்தான் போகுது. காட்டுக்கு ஒண்ணும் போகல. என் பொட்டிய நம்பித்தான் அங்க கூடு வச்சிருக்கு."

நாகலெட்சுமி அக்கா கூடையை இறக்கித் தரையில் வைத்தார். இப்போது கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"போன வருசம், அவரு போறதுக்கு முன்னாடி, உன் பொட்டிக்குக் குளவி வந்துச்சா?"

வந்தது. ஒன்றிரண்டுதான், ஆனால் வந்தது. அக்கா எனக்குக் காட்டியிருக்கிறார். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் மறுக்க என்னைத் தவிர ஒருவரும் கிடையாது, நான் மறுக்கப் போவதும் இல்லை. இல்லை என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"வந்துச்சுக்கா" என்றார்.

நாகலெட்சுமி அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, நான் தரையைப் பார்த்துவிட்டேன். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு நாகலெட்சுமி அக்காவின் குரல் கேட்டது. அவர் கங்காணியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மலைய மாத்துங்க. அங்க கூடு இருக்கு."

"அவ சொன்னா உடனே..."

"பொய் சொல்றவ இத ஒத்துக்குவாளா? மாத்துங்க." பிறகு பவுலின் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ இனிமே என் வாசல மிதிக்காத."

மலையை மாற்றினார்கள். மருந்தடிக்கிற ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, கூடு இருப்பது உண்மைதான் என்றார்கள். பவுலின் அக்காவுக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. சண்முகவடிவு மட்டும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கொளுத்த வேணாம். நீயே கொண்டுபோய் எங்கயாச்சும் வச்சிரு" என்றார். எங்கள் ஆட்களுக்கு அவ்வளவுதான் வரும். எனக்கு எல்லோரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

கீழே நாட்டுப் பக்கத்துக் கிராமத்தில் மிளகு போட்டிருக்கும் ஒரு சிங்கள மாத்தயா பெட்டிகளைத் தான் வைத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார். அவருடைய தோட்டத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. பின்னேரம் தேனீக்கள் உள்ளே அடங்கியதும் அக்கா வாசல்களைப் பச்சைப் புல்லால் அடைத்தார். மூன்றையும் என் ஓட்டோவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். முடிச்சை அவர்தான் போட்டார். மிச்சமிருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

சந்தியைத் தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மலைய மாத்துறதுக்கு வேண்டியதச் சொல்லிட்டீங்க. அதோட விட்டிருக்கலாம். போன வருசம் வரலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த அக்கா மனசும் ஆறியிருக்கும், உங்க மனசும் ஆறியிருக்கும். பொட்டியாலதான் அவரு செத்தாருன்னு யாரால உறுதியாச் சொல்ல முடியும்?"

இரைந்துகொண்டிருந்த பெட்டியை அக்கா ஒரு கையால் அணைத்துப் பிடித்தார்.

"ஒரு வருசமா அவங்க பீலியில வச்சுக் கேட்டப்பல்லாம் சம்பந்தம் இல்லைன்னு சொன்னேன், விஜி. தெரிஞ்சா சொன்னேன்? அந்த மாவ நான் போன வருசமே பூசிப் பாத்திருக்கலாம். பூசல. எனக்கு இதுக வேணும். அவங்க புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க, நான் பொட்டிய நெனச்சுக்கிட்டுப் பதில் சொல்லியிருக்கேன்."

அதன் பிறகு அழுதார், வாய்விட்டு, வெட்கமில்லாமல். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, ஆனால் அது தப்பில்லை. அவர் முகம் தெரியாதபடி கண்ணாடியை மேலே திருப்பி விட்டுவிட்டு, வளைவுகளில் பெட்டிகள் ஆடாமல் மெதுவாக ஓட்டினேன்.